சைத்தூன் மரங்களின் ஊர்

றெஸ்ரோரண்ட் குசினிகளில் வேலை செய்கிற எங்களுக்கு ஒலிவ்காய் என்பது தகரப்பேணிக்குள் பிறக்கிற சாமான். மூன்று கிலோப் பேணி. வெட்டினால் ஒரே அளவில், ஒரே கறுப்பில், கொட்டை எடுத்து, வட்டமாய் அரிந்து வரும். பிட்ஸாவுக்கு மேலே தூவுவதோடு அதற்கும் எங்களுக்கும் உள்ள உறவு முடிந்துவிடும். பேணியின் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'இரும்பு குளுக்கோனேற்' என்று போட்டிருப்பதை நாங்கள் பல வருடம் வாசித்ததில்லை. வாசிக்க வைத்தவர் எங்களோடு அடுப்படியில் நிற்கிற துருக்கிக்காரர். "இது கறுப்பு ஒலிவ் இல்லை. பச்சைக்காயைக் காரத்தண்ணியிலை ஊறப்போட்டு, காற்றடிச்சுக் கறுப்பாக்கி, நிறம் போகாமல் இரும்பு போட்டது. மரத்திலை பழுத்துக் கறுத்த காயை நீங்கள் இன்னும் சாப்பிடேல்லை" என்றார்.

அவரை நாங்கள் 'அபி' என்றுதான் கூப்பிடுவது. துருக்கி மொழியில் அண்ணை. அவருடைய தகப்பன் ஜேர்மனியும் துருக்கியும் 1961 ஒக்டோபரில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பிறகு தொழிற்சாலை வேலைக்கென்று வந்தவர். இரண்டு வருடத்தில் திரும்பலாம் என்று வந்து, இந்த மண்ணிலேயே பென்சன் எடுத்தவர். அந்த வரலாறு எங்களுக்குப் புதிதல்ல. எங்களுடைய ஆட்களும் 'பிரச்சினை முடியத் திரும்பலாம்' என்றுதான் வந்தார்கள். துருக்கிக்காரரிடம் இதற்கு 'குர்பெத்' என்று ஒரு சொல் இருக்கிறது. சொந்த ஊரைவிட்டு அந்நியத்தில் இருக்கிற நிலை. அப்படி இருப்பவன் 'குர்பெத்சி'. ஆனால் ஊருக்கு விடுமுறையில் போனால் அவனை 'அல்மான்சி', ஜேர்மன்காரன், என்பார்களாம். இங்கே துருக்கிக்காரன், அங்கே ஜேர்மன்காரன். அபி இதைச் சிரித்துக்கொண்டு சொல்வார்.

எங்களுடைய றெஸ்ரோரண்டை நவம்பரில் இரண்டு கிழமை பூட்டுவார்கள். 2024 நவம்பரில் அபி தன் சின்னம்மா வீட்டு ஒலிவ் அறுவடைக்குப் போவதாகச் சொன்னார். "வாறியளோ? அஞ்சு நாள் ஆய்ஞ்சு தந்தால் சாப்பாடும் படுக்கையும்" என்றார். பகிடியாய்க் கேட்டதை நாங்கள் இருவரும் உண்மையாய் எடுத்துக்கொண்டோம். எங்களில் ஒருவர் பாசையூர்க்காரர், கத்தோலிக்கர். மற்றவர் வலிகாமம் வடக்கில் பிறந்து, யாழ்ப்பாணக் கம்பஸின் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டு 2008இல் வெளிக்கிட்டவர். இருவர் கையிலும் நீலநிறப் பயணப் புத்தகம். எல்லா நாடுகளுக்கும் செல்லும், இலங்கை தவிர. விசாவுக்கு அலைந்த கதையை எழுதினால் இந்தப் பக்கங்கள் போதாது. விடுவோம்.

இஸ்தான்புல்லில் இருந்து மர்மரா கடலைக் கப்பலில் கடந்து யலோவா. அங்கிருந்து ஒர்ஹான்காசி ஊடாக மினிபஸ். அதை 'டொல்முஷ்' என்கிறார்கள். 'நிரம்பியது' என்று பொருள். நிரம்பினால்தான் வெளிக்கிடும். யாழ்ப்பாண மினிபஸ்களுக்கும் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. ஒர்ஹான்காசி தாண்டியதும் இடையில் வேறெதுவும் இல்லாமல் ஏரியும் ஒலிவும்தான். ஒரு பக்கம் ஏறத்தாழ முந்நூறு சதுர கிலோமீற்றர் தண்ணீர், மறுபக்கம் மலையடி வரைக்கும் சாம்பலும் பச்சையும் கலந்த மரங்கள். ஏரியின் கிழக்கு முனையில் இஸ்னிக்.

சின்ன ஊர். பின்னேரம் ஆறு மணிக்குக் கடைகள் பாதி பூட்டிவிடும். தேத்தண்ணிக் கடை வாசலில் கிழவர்கள் கதிரைகளை வெயில் போகிற பக்கம் நகர்த்தி நகர்த்தி இருப்பார்கள். உழவு இயந்திரங்கள் பின்னால் காய்ப்பெட்டிகளோடு ஊர்ந்து போகும். ஆனால் ஊரைச் சுற்றி ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றருக்குப் பழைய மதில் நிற்கிறது. அந்த மதிலுக்குள் கத்தரித் தோட்டமும் கோழிக்கூடும் இருக்கின்றன. இந்தக் கோழிக்கூட்டு ஊர்தான் ஒரு காலத்து நிசேயா.

பாசையூர் நண்பருக்கு இதை நம்ப முடியவில்லை. சின்ன வயதிலிருந்து பூசையில் அவர் சொல்லிவந்த விசுவாசப்பிரமாணத்தின் மூலம், 325ஆம் ஆண்டில் கொன்ஸ்தந்தீன் சக்கரவர்த்தி கூட்டிய ஆயர்கள் சங்கத்தில், இந்த ஊரில் உருவானது. பிறகு 787இல் இன்னொரு சங்கம். திருச்சுரூபங்களை வணங்கலாமா கூடாதா என்ற சண்டையை அது தீர்த்தது. 1204இல் சிலுவைப் போர்க்காரர் கொன்ஸ்தாந்திநோபிளைப் பிடித்தபோது தப்பியோடியவர்கள் இங்கே ஒரு அரசை அமைத்து 1261 வரை ஆண்டார்கள். ஆக, தலைநகரத்தை இழந்த அகதிகளின் தலைநகரமாகவும் இது ஐம்பத்தேழு வருடம் இருந்திருக்கிறது. 1331இல் ஒஸ்மானிய சுல்தான் ஒர்ஹான் பிடித்தார். ஊர் நடுவில் இருக்கிற அயா சோபியாக் கோயில் பள்ளிவாசலாயிற்று, பிறகு பாழடைந்தது, பிறகு மியூசியமாயிற்று, 2011இல் மீண்டும் பள்ளிவாசலாயிற்று. நாங்கள் போனபோது உள்ளே ஒருவர் தொழுது கொண்டிருந்தார். பாசையூர் நண்பர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மூலையில் நின்று தன்னுடையதைச் சொன்னார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஏரிக்குள் ஒரு பழைய தேவாலயத்தின் அத்திவாரம் கிடக்கிறது. 2014இல் ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களில்தான் அது கண்ணில் பட்டது. கரையிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை, தண்ணீருக்கடியில் இரண்டு மீற்றர் அளவில். ஊரவர்கள் தலைமுறை தலைமுறையாக அதற்கு மேலால் வள்ளம் விட்டிருக்கிறார்கள். இப்போது மழை குறைந்து ஏரி வற்றி, கல்வரிசைகள் வெளியே தெரிகின்றன. 2025 நவம்பர் 28 அன்று, முதலாம் சங்கத்தின் 1700 வருட நினைவுக்காக, பாப்பரசர் பதினான்காம் லியோ அந்தக் கற்களுக்குப் பக்கத்தில் நின்று செபித்ததை நாங்கள் குசினியில் ரெலிபோனில் பார்த்தோம். உலகம் அன்று பாப்பரசரைப் பார்த்தது. நாங்கள் அவருக்குப் பின்னாலிருந்த கரையைப் பார்த்தோம்.

சின்னம்மாவின் வீடு ஊருக்குள் இல்லை, ஏரிக்கரையோரக் கிராமம் ஒன்றில். தாயின் சகோதரியைத் துருக்கியில் 'தெய்ஸே' என்பார்கள். தகப்பனின் சகோதரிக்கு வேறு சொல், 'ஹலா'. மாமனுக்கும் சித்தப்பனுக்கும்கூட வெவ்வேறு சொல்தான். ஜேர்மன்காரருக்கு எல்லாமே ஒரு 'ஒங்கிள்', ஒரு 'தந்தே'. உறவுமுறை பிரித்துச் சொல்லத் தெரிந்த ஒரு வீட்டுக்குள் பல வருடத்துக்குப் பிறகு நுழைந்தது எங்களுக்கு ஆறுதலாய் இருந்தது. தெய்ஸேக்கு எழுபது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் "பிள்ளையள் மெலிஞ்சு போனாங்கள்" என்றாவாம். அதற்கு முன் அவ எங்களைக் கண்டதே இல்லை.

விடிய ஆறரைக்குச் சாப்பாடு. பாண், வெள்ளைச் சீஸ், தக்காளி, இடுப்புச் சிறுத்த கிளாசில் தேத்தண்ணி, ஒரு கோப்பை நிறையக் கறுப்பு ஒலிவ். அதுதான் அபி சொன்னது. தோல் சுருங்கி, சதை கொட்டையை விட்டுக் கழன்று, எண்ணெய்ப் பிடிப்போடு இருந்தது. அந்தப் பக்கத்து இனத்துக்குப் பெயர் 'கெம்லிக்'. காய் மரத்திலேயே கறுக்கும்வரை விட்டு, நவம்பர், டிசம்பரில் ஆய்வார்கள். மரத்தில் கறுத்தாலும் அப்படியே சாப்பிட ஏலாது. நாங்கள் கடித்துப் பார்த்தோம். வேப்பங்கொட்டை தோற்கும். உப்புத்தண்ணித் தொட்டியில் போட்டு, மேலே கல் பாரம் வைத்து, மாதக்கணக்கில் விட்டால்தான் கைப்பு இறங்கும். அல்லது கூடையில் உப்பும் காயும் மாறிமாறி அடுக்கி, அடிக்கடி உருட்டி, தண்ணீர் வடிய விடவேண்டும். மாங்காய்க்கு உப்புப் போட்டு வெயிலில் வைத்த எங்களுடைய அம்மாமாருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வேலை சுகமில்லை. மரத்துக்குக் கீழே வலை விரித்து, ஏணி வைத்து, கையாலும் சின்னச் சீப்பாலும் உருவவேண்டும். தடியால் அடித்தால் அடுத்த வருடத்துக் கொப்பு முறியும். ஒலிவுக்கு ஒரு வருடம் காய்ப்பு, மறு வருடம் ஓய்வு. இவர்கள் அதை 'வார் வருடம்', 'யொக் வருடம்' என்கிறார்கள். இருக்கிற வருடம், இல்லாத வருடம். எங்களோடு சிரியாவிலிருந்து வந்த ஒரு குடும்பமும் நாள்கூலிக்கு ஆய்ந்தது. அப்ரின் பக்கத்தவர்கள். ஒலிவுக்குப் பெயர்போன இடம். 2018இல் துருக்கிப் படையும் அதன் கூட்டாளிகளும் அப்ரினைப் பிடித்தபோது வெளிக்கிட்டவர்கள், அதே துருக்கியில் கூலிக்கு ஒலிவ் ஆய்கிறார்கள். தகப்பனின் கை மரத்துக்குள் போய்வருகிற வேகத்தைப் பார்த்தாலே சொந்தத் தோட்டம் வைத்திருந்த ஆள் என்று தெரிந்தது. தங்கள் மரங்களை இப்போது யார் ஆய்கிறார்கள் என்று அபி கேட்டார். அவர் கையை விரித்தார். அவர்களிடம் 'தற்காலிகப் பாதுகாப்பு' அட்டைதான் உண்டு. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் துருக்கி ஒப்பமிட்டிருந்தாலும், ஐரோப்பாவிலிருந்து வருபவருக்கு மட்டுமே அகதி அந்தஸ்து என்ற நிபந்தனையோடுதான் அதை ஏற்றிருக்கிறது. நாங்கள் எங்களுடைய நீலப் புத்தகத்தைக் காட்டினோம். அவருடைய மகன் அதை வாங்கிப் பக்கம் பக்கமாய்த் தடவிப் பார்த்தான். நாங்கள் திரும்பி வந்து கொஞ்ச நாளில், 2024 டிசம்பர் 8இல், அசாத் ஆட்சி விழுந்தது. அந்தக் குடும்பம் அப்ரினுக்குப் போய்த் தங்கள் மரங்களைப் பார்த்திருந்தால் சந்தோசம்.

மூன்றாம் நாள் மத்தியானம், மரத்துக்குக் கீழே சாப்பிட்டுக் கொண்டிருந்தபோதுதான் அந்தக் கதை வந்தது. வளவில் சில மரங்கள் மட்டும் அடி பெருத்து, முறுகி, உள்ளே கோறையாய் நின்றன. மற்றவை இளசு. எத்தனை வயதிருக்கும் என்று கேட்டோம். தெய்ஸே சர்வசாதாரணமாகச் சொன்னா: "பெரிசெல்லாம் றும் விட்டுட்டுப் போனது. சின்னன் எங்கடை ஐயா வைச்சது."

'றும்' என்றால் இந்த மண்ணில் இருந்த கிரேக்கர். 1920க்கும் 1922க்கும் இடையில் இந்த ஏரியைச் சுற்றிய ஊர்களில் கிரேக்கரும் கொல்லப்பட்டார்கள், துருக்கியரும் கொல்லப்பட்டார்கள். ஊர்கள் மாறிமாறி எரிந்தன. 1923 ஜனவரி 30இல் லொசானில் கிரேக்கமும் துருக்கியும் சனங்களை மாற்றிக்கொள்ள ஒப்பமிட்டன. ஏறத்தாழ பன்னிரண்டு இலட்சம் கிறிஸ்தவர்கள் அந்தப் பக்கம், நான்கு இலட்சத்துக்குக் கிட்டவாக முஸ்லிம்கள் இந்தப் பக்கம். விருப்பம் கேட்கப்படவில்லை. 1912 ஒக்டோபர் 18க்குப் பிறகு ஏற்கனவே ஓடிப்போனவர்களுக்கும் அது பொருந்தும். அரசின் அனுமதி இல்லாமல் திரும்பிவந்து குடியிருக்க முடியாது. யாரை எந்தப் பக்கம் அனுப்புவது என்று பார்க்க அளவுகோலாக வைத்தது மொழியை அல்ல, சமயத்தை. துருக்கி மொழி மட்டுமே தெரிந்த கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்குப் போனார்கள். கிரேக்க மொழி பேசிய முஸ்லிம்கள் துருக்கிக்கு வந்தார்கள். இப்படி வந்தவர்களை 'முபாதில்' என்கிறார்கள். மாற்றப்பட்டவர். அந்தப் பக்கம் போனவர்கள் ஏதென்சுக்குப் பக்கத்தில் பிரேயுஸ் துறைமுகத்தருகே ஒரு குடியிருப்பில் சேர்ந்தார்கள். அதற்கு இன்றும் பெயர் நிக்காயா. இந்த ஊரின் பெயர்தான்.

தெய்ஸேயின் பாட்டி கிரேக்கத்தின் கொஸானிப் பக்கத்திலிருந்து வந்தவ. வீட்டுக்குள் பேசினது கிரேக்கம். அங்கே கோதுமையும் செம்மறியும்தான். இங்கே ஒலிவ் வளவைக் கொடுத்தார்கள். முதல் வருடம் காயை மரத்திலிருந்து பறித்து வாயில் போட்டுத் துப்பிவிட்டு, நஞ்சு மரம் என்று இரண்டை வெட்டி எரித்தார்களாம். பக்கத்து ஊர்க் கிழவி ஒருத்தி வந்து உப்பில் போடக் காட்டிக் கொடுத்த பிறகுதான் மிச்சம் தப்பியது.

"நான் பள்ளிக்கூடம் போற காலம், 1970க்குக் கொஞ்சம் முந்தி, ஒரு கிழவர் வந்தார்" என்றா தெய்ஸே. "சப்பாத்து, தொப்பி. வீட்டுக்குள்ளை வரச்சொல்லி ஐயா கேட்டார். வரேல்லை. வளவுக்குள்ளை போய் ஒவ்வொரு மரமாய்த் தொட்டு எண்ணினார். ரெண்டு குறையுது எண்டார். ஐயா உள்ளதைச் சொன்னார். கிழவர் சிரிச்சார். பிறகு மரத்துக்குக் கீழை இருந்து ரெண்டுபேரும் தேத்தண்ணி குடிச்சினம். அந்த மனிசன்ரை துருக்கி, எங்கடை பாட்டியின்ரை துருக்கியைவிட நல்ல துருக்கி. பாட்டி அவரோடை கிரேக்கத்திலை கதைக்கப் பார்த்தா. அவருக்கு அது சரியாய் வரேல்லை."

அபி எங்களுக்கு இதை ஜேர்மனில் சொல்லி முடித்துவிட்டு, தெய்ஸே கேட்ட ஒரு கேள்வியையும் மொழிபெயர்த்தார். "உங்கடை ஊரிலையும் இப்பிடி நடந்ததோ எண்டு கேக்கிறா."

நாங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னோம். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்க, வலிகாமம் வடக்குச் சனம் வீடுவாசலை விட்டு ஓடியது. அந்தக் காணிகளில் ஆமி இருந்தது. சிலது விடப்பட்டது, சிலது இன்னும் இல்லை. இது நாங்கள் எல்லோருக்கும் சொல்கிற பகுதி. மற்றப் பகுதியையும் சொன்னோம். அதே வருடம் ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர். அவர்களும் தமிழ்தான் பேசினார்கள். அங்கேயும் அளவுகோல் மொழி அல்ல. பெரும்பாலானவர்கள் புத்தளத்தில் முகாம்களில் வளர்ந்தார்கள். சண்டை ஓய்ந்த 2002க்குப் பிறகும் 2009க்குப் பிறகும் கொஞ்சப்பேர் திரும்பினார்கள்.

இன்னொன்றும் சொன்னோம். வலிகாமம் வடக்கிலிருந்து ஓடிவந்த எங்களில் மற்றவருடைய குடும்பம், பள்ளிக்கூடங்களில் படுத்துக் களைத்த பிறகு, 1991இல் ஐந்துசந்திப் பக்கத்து வீடொன்றில் இருத்தப்பட்டது. ஆட்கள் இல்லாத வீடு. நான்கு வயதுப் பிள்ளைக்கு அது விளையாடக் கிடைத்த பெரிய முற்றம். வாசலில் ஒரு மாதுளை. 1995இல், அதே ஒக்டோபர் 30இல், யாழ்ப்பாணமே வெளிக்கிட்டபோது அந்த வீட்டையும் விட்டு நடந்தோம்.

தெய்ஸே கேட்டு முடித்து, கோப்பையிலிருந்து ஒலிவ்காய் ஒன்றை எடுத்து எங்கள் பக்கம் தள்ளினா. "ஸெய்த்தின்" என்றா. அந்தச் சொல் எங்களுக்குத் தெரியும் என்று அப்போதுதான் உறைத்தது. விவிலியத் தமிழில் ஒலிவ மரம். முஸ்லிம்களின் தமிழில் சைத்தூன். சைத்தூன் எண்ணெய் என்று போத்தலில் எழுதி விற்பார்கள். ஒரு மொழியில் ஒரு மரத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் அந்த மொழி பெரிய மொழி. அந்த இரண்டாவது பெயரைச் சொல்கிறவர்களை இரண்டு மணித்தியாலத்தில் அனுப்பிவிட்டு, மொழிக்காகத்தான் எல்லாம் என்று எப்படிச் சொல்வது? கம்பஸில் படித்த காலத்தில் கூரையில்லாத வீடுகளைக் கடந்து சைக்கிளில் போயிருக்கிறோம். சுவருக்குள்ளே ஆலமரம் முளைத்திருந்தது. அதை யாரும் ஒரு கேள்வியாகக் கேட்டு நாங்கள் கேட்டதில்லை. ஒரு துருக்கிக் கிழவி கேட்டா.

கடைசி நாள் தெய்ஸே ஆளுக்கொரு பேணி ஒலிவ் கட்டித் தந்தா. பஸ் ஏரிக்கரையால் திரும்பும்வரை அபியும் நாங்களும் கதைக்கவில்லை.

ஜேர்மனிக்கு வந்த கிழமையே அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தோம். ஐந்துசந்தி வீட்டைப் பற்றிக் கேட்டோம். அம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. "மூண்டு அறை. குசினிக்குப் பின்னாலை கிணறு. கிணத்துக்கட்டிலை சீமெந்திலை 1978 எண்டு விரலாலை எழுதிக் கிடந்தது. அந்த மாதுளை நல்ல இனிப்பு. ஒருநாளும் தண்ணி விடாமல் விடேல்லை" என்றா. வீட்டுக்காரரின் பெயர் கேட்டோம். கன நேரம் சத்தமில்லை. "பேர் தெரியாது தம்பி. சுவரிலை பிள்ளையளின்ரை உயரம் பென்சிலாலை கோடு போட்டிருந்தது. அதுக்குப் பக்கத்திலை உன்ரை உயரத்தையும் கொப்பா கீறினவர்."

இதை வாசிக்கிறவர்களில், அல்லது அவர்களுக்குத் தெரிந்தவர்களில், 1990 ஒக்டோபரில் ஐந்துசந்திப் பக்கத்திலிருந்து வெளிக்கிட்ட குடும்பம் யாராவது இருக்கலாம். வாசலில் மாதுளை. கிணற்றுக்கட்டில் 1978. அறைச் சுவரில் பிள்ளைகளின் உயரக் கோடுகள். இந்தச் சஞ்சிகையின் முகவரிக்கு ஒரு வரி எழுதினால் எங்களுக்குக் கிடைக்கும். மாதுளை 1995 வரை காய்த்துக்கொண்டு நின்றது என்று சொல்லவேண்டும். உங்கள் பெயரையும் கேட்கவேண்டும்.